கனவுண்ட்ராவில் மூன்று நாள்

விடுதி அறையில் நாங்கள் எல்லாரும் பென் ஹோலின்ட பக்கம்தான். 1863 ஒக்டோபரில், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில், அவனும் கூட்டாளிகளும் கனவுண்ட்ரா எண்ட சின்ன ஊரை மூன்று நாள் பிடித்து வைத்திருந்தார்கள். ஊர்ப் பொலிஸ்காரனை அவன்ட கூண்டிலேயே பூட்டிவிட்டு, ஹோட்டலில் எல்லாருக்கும் சாப்பாடு, குடி, ஆட்டம். போகும்போது காசும் கட்டினார்களாம். ஆருக்குத்தான் பிடிக்காது?

தங்கம் தோண்டிய காலம் அது. 1862 யூனில் யூகோரா பாறைகளுக்குப் பக்கத்தில் பிராங்க் கார்டினரின் கூட்டம் தங்க வண்டியை மறித்து, ஏறத்தாழ 14,000 பவுண் பெறுமதியான தங்கமும் காசும் கொண்டுபோனது. ஹோலும் அதில் இருந்தான். பிறகு பொலிஸ் அவன்ட வீட்டை எரித்தது. மாடு வளர்த்துக்கொண்டிருந்தவன் முழுநேரக் கொள்ளைக்காரன் ஆனான்.

1865 சனவரியில் கொலெக்டர் எண்ட ஊரிலும் இதே மாதிரி ஒரு ஹோட்டல். தனியே வந்த கொன்ஸ்தாபிள் சாமுவேல் நெல்சனை, வெளியில் காவல் நிண்ட ஜோன் டன் சுட்டுக் கொன்றான். ஹோல் உள்ளே இருந்தான்.

“அவன் தன்ர கையால ஒருத்தரையும் கொல்லேல்லையே” எண்டு நாங்கள் விடாமல் வாதாடினோம். மே மாதம் போர்ப்ஸுக்குக் கிட்ட அவனைப் பொலிஸ் சுட்டபோது வயது 27. எங்களைவிடக் கொஞ்சம்தான் கூட.

அதுவரை பேசாமல் இருந்தவள் கேட்டாள்: “துவக்கோட நிக்கிறவன் ஆடச் சொன்னா, ஆடாம இருக்க ஏலுமா?”

கனவுண்ட்ராவில் ஆடினவர்களைப் பற்றி நாங்கள் அதுவரை ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.