ஓதிய பாடம் எங்கே போனது?

"ராவு வடிவா ஓதின பிள்ளை, காலையில ஒண்டும் வருதில்லையே ஹஸரத்!" என்று முறையிடும் தாய்மார் அநேகர். அதற்குள் பிள்ளைக்கு ஏச்சும், சில வேளை அடியும் கிடைத்திருக்கும். சகோதரிகளே, சற்றுப் பொறுங்கள். பிள்ளை நின்றுபோன இடத்தில் அடுத்த ஆயத்தின் முதற்சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். பல வேளைகளில் மிகுதியைத் தானே ஓதிவிடும். பாடம் உள்ளேதான் இருக்கிறது. அதைப் பிடித்து இழுக்கும் நூல் நுனிதான் அகப்படவில்லை.

சிறு பிள்ளைகள் பாடத்தைத் தஸ்பீஹ் மணிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து வைக்கிறார்கள். நடுவிலிருந்து கேட்டால் திகைப்பது அதனால்தான். ஸூரத்துர் ரஹ்மானைப் பாருங்கள். 78 ஆயத்துகளில் ஒரே ஆயத்து 31 இடங்களில் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதன்பின் எந்தப் பக்கம் போவதென்று பிள்ளை தடுமாறும். சில ஆயத்துகளைத் தாண்டிப் பாய்ந்துவிடும். (நன்கு மனனமிட்ட பெரியவர்களுக்கும் இது நேர்வதுண்டு!) முதலில் படைப்புகள், பிறகு இரு கடல்களும் கப்பல்களும், பின்னர் நரகம், கடைசியில் சுவனத் தோட்டங்கள் என்று பொருளின் ஒழுங்கைக் கதைபோல் சொல்லிக் கொடுத்தால், பிடித்து நடக்க ஒரு வழி கிடைக்கும்.

இந்த ஒழுங்கு பிள்ளைக்குத் தானாகத் தோன்றாது. 1966இல் ஜோன் ஃப்ளேவல் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய துணைவர்களும் பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டி, நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, அவர்களின் உதடுகளைக் கவனித்தார்கள். பத்து வயதினரில் பெரும்பாலோர் பெயர்களைத் தமக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஐந்து வயதினரில் அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலரே. அடுத்த ஆண்டு நடந்த ஆய்வில், சொல்லிப் பார்க்காத பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக் கொடுத்தபோது நன்றாகவே நினைவு கூர்ந்தார்கள். ஆனால் உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள் என்று விட்டதும் பலர் பழையபடி சும்மா இருந்துவிட்டார்கள். ஒருமுறை சொல்லிக் கொடுத்தேனே என்று கோபிப்பதில் பயனில்லை என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

இன்னொன்று. பார்த்துப் பார்த்துப் பத்துத் தரம் ஓதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். 2006இல் பல்கலைக்கழக மாணவரிடம் செய்த ஓர் ஆய்வில், மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் முந்தினார்கள். ஒரு வாரத்தின் பின் முந்தியவர்களோ, பாராமல் நினைவு கூர்ந்து பழகியவர்கள். பிள்ளை கிதாபை மூடிவிட்டு ஓதட்டும். நேற்றையதையும் போன வாரத்துப் பாடத்தையும் நடுவிலிருந்து கேளுங்கள். பதில் வரச் சற்றுத் தாமதமானால் உடனே சொல்லிவிடாதீர்கள், தேடுவதற்கு விடுங்கள். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம். தேங்காய் திருவிக்கொண்டே கேட்கலாம்.