ஸ்டியரிங் உதறினால் எதை முதலில் பார்ப்பது?

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் காலையில் மலையேறும் ஏலத்தோட்ட ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நெருக்கியடித்துக் கூலி ஆட்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அங்கே ஸ்டியரிங் உதறினால் அது ஒர்க்‌ஷாப் சமாச்சாரம் மட்டுமல்ல, உயிர் சமாச்சாரம்.

பழைய ஃபோர் வீல் டிரைவ் மகிந்திரா ஜீப், 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் ஜீப்பின் வாரிசு. முன்வீல் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் இருக்கும். கரடுமுரடான பாதைக்கு அருமையான அமைப்பு. ஆனால் ஒரு வீல் குழியில் விழுந்தால் அந்த அடி மறு வீலுக்கும் போய்ச் சேரும். மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் அதோடு அடங்கிவிடும். தேய்ந்திருந்தால் இரண்டு வீலும் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். வேகம் குறையும்வரை நிற்காது. இதைத்தான் வாபிளிங் என்கிறார்கள்.

"ஸ்டியரிங் உதறுதுண்ணே" என்றதும் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. "எப்ப உதறுது?" என்று கேட்க வேண்டும். பாதி வியாதி அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

நல்ல ரோட்டிலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறினால் டயர், ரிம், வீல் பேலன்ஸ். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டினால் போதும், காசு செலவில்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிரம்மோ டிஸ்க்கோ வட்டம் கெட்டிருக்கலாம். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பும்போது இழுத்துப் பிடித்தால் அது பழுதே அல்ல. இந்த வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது.

குழியில் விழுந்த பிறகு ஆடுகிறதா? அப்போதுதான் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் அசைக்கட்டும். இன்னொருவர் டை ராட் எண்ட், டிராக் லிங்க், ஸ்டியரிங் பாக்ஸ் என ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்க்கட்டும். லூஸான இடம் விரலுக்குத் தெரியும்.

அடுத்து, ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். பிறகு யூ போல்ட், பட்டை புஷ். பட்டை தளர்ந்தோ ஆப்பு மாறியோ கேஸ்டர் குறைந்தாலும் வீல் நேராக நிற்காது.

இதையெல்லாம் விட்டுவிட்டுப் புது ஸ்டியரிங் டேம்பர் போடுகிறவர்கள் உண்டு. உதறல் நின்றுவிடும், ஓனருக்கும் சந்தோஷம். ஆனால் தேய்ந்த கிங்பின் உள்ளே தேய்ந்துகொண்டேதான் இருக்கும். கந்து வட்டிக்கு வாங்கிக் கைக்கடனை அடைப்பது மாதிரி. டேம்பர் ஓய்ந்த அன்றைக்கு அசலும் வட்டியும் சேர்ந்து வந்து நிற்கும்.

ஓடும்போது வாபிளிங் வந்துவிட்டால் பதறி பிரேக்கை அழுத்த வேண்டாம். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, கட்டைவிரலை வளையத்துக்குள் மாட்டாமல், ஆக்சிலரேட்டரை விட்டு மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். ஆட்களை இறக்கிவிட்டு, காரணம் தெரிந்த பிறகு மலையேறினால் போதும்.