கடிவாயும் மூச்சும்

அக்டோபர் 16

பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்ததிலிருந்து மேலூர்ப் பக்கத்து வரப்புகளில் எலி வளைக்குக் குறைவில்லை. எலியைத் தேடிப் பாம்பும் வரும். இருட்டுகிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கணுக்காலில் கீறல். என்ன பாம்பென்று யாரும் பார்க்கவில்லை.

"யக்கா, வாயெல்லாம் மதமதங்குது. விரல்ல எறும்பு ஊறுது. வெசம் ஏறிருச்சுக்கா."

மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கைகளும் விறைத்து, விபூதி அள்ளக் குவித்த மாதிரி விரல்கள் ஒட்டிக்கொண்டன. மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு அவள் இமைகளைப் பார்த்தேன். நன்றாகத் திறந்தாள், எச்சில் விழுங்கினாள், பேச்சு குழறவில்லை. கட்டுவிரியன் நஞ்சென்றால் இமை சரியும், மூச்சு வலுவிழக்கும். இவளுக்கோ மூச்சு அளவுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. காலில் கட்ட ஒருவர் துண்டை முறுக்கினார், நான் விடவில்லை. இன்னொருவர் காகிதப் பையை நீட்டினார், அதற்குள் மூச்சு விடவாம். சினிமா வைத்தியம்! ஆஸ்துமாவோ மாரடைப்போ உள்ளவருக்கு அது உயிருக்கே உலை. காலை அசைக்காமல் படுக்கவைத்து, "என் மூஞ்சியப் பாரு. மூக்கால இழு, உதட்டைக் குவிச்சு மெதுவா ஊது" என்று கூடவே ஊதினேன். 4 எண்ணும்வரை இழுப்பு, 6 எண்ணும்வரை ஊதல். வண்டி வருவதற்குள் விரல்கள் தளர ஆரம்பித்தன.

அக்டோபர் 17

பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் அளவு 99 காட்டியது. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தார்கள், உறைந்திருந்தது. கண்ணாடி விரியன் நஞ்சு ஏறினால் உறையாது. ஆனாலும் 24 மணி நேரம் வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

"சும்மா பயந்தான்" என்று வார்டில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை இழுத்தது நடிப்பா? வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறுகிறது. ரத்தத்தின் அமிலத்தன்மை குறைந்து, அதில் தனித்துத் திரியும் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, நரம்புகள் துடிக்கின்றன. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்குவதால் தலை சுற்றும். ஒரு சொட்டு நஞ்சு இல்லாமலே இவ்வளவும் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் தென்கிழக்கு ஆசியாவுக்கு வெளியிட்ட பாம்புக்கடிக் கையேட்டிலேயே இதை எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் பயம் என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. சர்க்கரை எல்லை மீறினாலும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும் இப்படித்தான் இரைக்கும்.

அக்டோபர் 18

வீடு வந்துவிட்டாள். ஊசி போடவில்லை என்பதில் மாமியாருக்குக் குறை. அவளோ வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அடுத்த தடவ கடிச்சா மூச்ச எண்ணிக்கிட்டு உக்காந்தாப் போதுமாக்கா?" என்றாள்.

"வண்டியில ஏறி எண்ணு" என்றேன்.