அப்புறம் சொல்கிறேன்

1989 ஜூலையில் வாஷிங்டனில் காலடெட் சர்வகலாசாலை நடத்திய உலகக் காது கேளாதோர் மகாநாட்டுக்குச் சென்னையிலிருந்து போன கோஷ்டியில், காது கேட்கிறவன் நான் ஒருவன்தான். கல்லூரி மாணவன், சைகை பாஷை கொஞ்சம் தெரியும் என்று துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் இரைச்சலில் மற்றப் பிரயாணிகள் கத்திக் கத்திச் சலித்துவிட்டார்கள். எங்கள் ஆட்களோ நாலு வரிசை தாண்டிச் சாவகாசமாக வம்பளந்தார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. விளக்குகளை அணைத்த பிறகுதான் பேச்சு ஓய்ந்தது. பக்கத்து ஆசனப் பெரியவர் மட்டும் தலைக்கு மேலிருந்த சிறு விளக்கைப் போட்டு, அந்த வெளிச்சத்தில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. விமானி ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்னவாம்?" என்றன பெரியவரின் விரல்கள்.

எனக்கோ தூக்கம். "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்."

ஒரு கணம் என்னையே பார்த்தார். வீட்டிலும் ஆபீஸிலும் ஆயுள் முழுதும் அவர் கண்ட பதில் அதுதான் போலும். கையை உயர்த்தி விளக்கை அணைத்துவிட்டார்.