சிக்னலில் அணையும் கார்... காக்களூரில் ஒரு சனிக்கிழமை!

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் திருவள்ளூர் லோக்கலைப் பிடித்தால், ஆவடி தாண்டியதும் கூட்டம் கொஞ்சம் இளகும். பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். புட்லூரில் மஞ்சள் புடவையும் எலுமிச்சை மாலையுமாகப் பெண்கள் இறங்குவார்கள். நிறைமாத கர்ப்பிணியாக மல்லாந்து படுத்திருக்கும் பூங்காவனத்தம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள். அதற்கும் திருவள்ளூருக்கும் நடுவில் இருக்கிறது காக்களூர்.

ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால் பண்ணையும். காலை எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் சைக்கிள், டூவீலர், ஷேர் ஆட்டோ என்று சாலை நிரம்பிவிடும். லேத் பட்டறையிலிருந்து வரும் 'கிர்ர்ர்' சத்தமும் டீக்கடையில் வடை வேகும் வாசனையும் சேர்ந்ததுதான் இந்த ஊரின் காலை நேரம்.

அந்தச் சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்த ஒரு லேத் தொழிலாளி தன் மாருதி 800-ஐத் தள்ளிக்கொண்டு ஒரு சின்ன ஒர்க் ஷாப்புக்கு வந்தார். அவருடைய அப்பா 1996-ல் வாங்கிய வண்டி அது. அப்பா இப்போது இல்லை. மறுநாள் அமாவாசை. அம்மாவைத் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். மூட்டு வலியில் அம்மாவால் பஸ் ஏற முடியாது.

"ஸ்டார்ட் ஆவுதுண்ணே. ஆக்சிலேட்டர்ல கால் வெச்சிருந்தா ஓடுது. சிக்னல்ல காலை எடுத்தா பொட்டுன்னு அணைஞ்சிடுது. ரெண்டு இடத்துல காட்டிட்டேன். கார்புரெட்டர் போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க."

"எவ்ளோ வெச்சிருக்கே?" என்றார் மெக்கானிக்.

"ரெண்டாயிரம்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. பானெட்டைத் திறந்தார்.

கார் பிறக்கும் ஊர்

திருவள்ளூர் வட்டாரத்துக்குக் கார் புதிதல்ல. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது இங்கேதான். இன்று அதே வளாகத்திலிருந்து சிட்ரோயன் கார்கள் வெளியே வருகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிட்ரோயனின் அப்போதைய தாய் நிறுவனமான பியூஜோ குழுமம், 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அம்பாசடர் தயாரிப்பு மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014-லேயே நின்றுவிட்டது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்களின் புத்தம் புதிய கார்கள்தான் இப்போது திருவள்ளூர் சாலையில் ட்ரெய்லர் ஏறிப் போகின்றன. அதே சாலையின் ஓரத்தில் பழைய அம்பாசடர்களும், பத்மினிகளும், 800-களும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கின்றன.

இந்தக் கார்களின் மூச்சுக்குழல் கார்புரெட்டர். அந்தக் காலத்தில் வீட்டில் கொசு மருந்து அடித்த ஃபிளிட் பம்ப் ஞாபகம் இருக்கிறதா? குழாயில் காற்று வேகமாகப் போகும்போது கீழே இருக்கும் மருந்து தானாக மேலே ஏறிப் பொடிப்பொடியாகத் தெளிக்கும். கார்புரெட்டரும் அப்படித்தான். இன்ஜின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாகப் போகும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த இடத்தில் ஜெட் என்கிற சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் இழுபட்டுக் காற்றோடு கலக்கும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. இந்தக் கணக்கைச் சரிபார்க்க அதில் கம்ப்யூட்டரோ சென்சாரோ கிடையாது. துளையின் அளவுதான் கணக்கு.

மாருதி 800-க்கான கார்புரெட்டரும் தூரத்துச் சரக்கல்ல. ஜப்பானின் மிகுனியோடு கைகோத்து 1985-ல் உருவான யூகால் நிறுவனம், சென்னையை அடுத்த மறைமலை நகரில் அவற்றைத் தயாரித்தது. 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுகியபோது எம்.பி.எஃப்.ஐ. வந்தது. கார்புரெட்டர் மெல்ல விடைபெற்றது.

காசு செலவாகாத சோதனைகள் முதலில்

"தம்பி, பார்ட்ஸ் மாத்தறது ஈஸி. எது கெட்டுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. மாத்திட்டுப் பார்த்தா காசு போவும். பார்த்துட்டு மாத்தினா காசு நிக்கும்."

மெக்கானிக் முதலில் கழற்றியது கார்புரெட்டரை அல்ல, ஸ்பார்க் பிளக்குகளை. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆகவே மூன்று பிளக். கழற்றி வரிசையாக ஒரு பழைய துணியில் வைத்தார். பிளக்கின் நுனி இன்ஜினின் நாக்கு மாதிரி. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது போல அதைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். இளம் பழுப்பு என்றால் ஆரோக்கியம். கரி படிந்து காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய் ஈரத்தோடு கறுப்பு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

இவர் வண்டியின் மூன்று பிளக்கும் வெளுத்திருந்தன.

ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்த ஒரு சிலிண்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி என்றால் மூன்றுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு. அடுத்து, பிளக்கை ஒயரில் மாட்டி, பிளாஸ்டிக் கைப்பிடி கட்டிங் பிளேயரால் பிடித்து, இன்ஜின் உலோகத்தில் தொட வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்தார். பெட்ரோல் ஆவி இல்லாத இடமாகப் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று வந்தது. ஆக, கரன்ட்டில் குறை இல்லை.

மூன்றாவது சோதனை, கம்ப்ரஷன். பிளக் துளையில் கேஜை வைத்து அழுத்தம் பார்த்தார். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. "இது சரியில்லேன்னா கார்புரெட்டரைத் தங்கத்துல செஞ்சு மாட்டினாலும் வேஸ்ட்" என்றார். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாக இருந்தால் அந்தத் துளையில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. இரண்டுமே பெரிய செலவு. அந்தச் செலவு இல்லை என்று தெரிந்ததும் வண்டிக்காரர் முதல்முறையாக ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வந்தது.

'டிக்' சத்தம் எங்கே?

மாருதி 800 கார்புரெட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. உள்ளே பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அதில் தெரியும். நடுவில் இருக்கும் குறியை ஒட்டி மட்டம் நின்றது. அப்படியானால் பெட்ரோல் பம்ப், மிதவை, நீடில் வால்வு மூன்றும் ஒழுங்காக வேலை செய்கின்றன. இந்த மூன்றில் ஒன்றைத்தான் முந்தைய இடத்தில் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

"இப்போ சாவியை ஆன் பண்ணு. ஸ்டார்ட் பண்ணாதே." மெக்கானிக் காதை இன்ஜின் பக்கம் சாய்த்தார். "மறுபடி ஆஃப்... ஆன்..."

எந்தச் சத்தமும் இல்லை.

இந்தக் கார்புரெட்டரில் சோலனாய்டு வால்வு என்று ஒன்று இருக்கிறது. சாவியைப் போட்டதும் 'டிக்' என்று திறந்து, ஐடிலிங்கில் இன்ஜினுக்குத் தேவையான பெட்ரோலை விடும். சாவியை எடுத்ததும் மூடிக்கொள்ளும். அது திறக்காவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பெரிய ஜெட் வழியாகப் பெட்ரோல் வந்து வண்டி ஓடும். காலை எடுத்தால் அணைந்துவிடும். சிக்னலில் நடந்தது இதுதான்.

வால்வு கெட்டிருக்கிறதா, அதற்குக் கரன்ட் போகவில்லையா? டெஸ்ட் லேம்பை ஒயரில் வைத்தார். மினுக் மினுக்கென்று அரைகுறையாக எரிந்தது. கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பாசி போலக் களிம்பு. மழைக்காலங்களில் நீர் இறங்கி முப்பது வருடமாகச் சேர்த்த சொத்து! உப்புத்தாளால் சுரண்டித் துடைத்து மாட்டினார். சாவியைப் போட்டதும்...

'டிக்.'

வண்டிக்காரர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து டீக்கடைப் பையன்கூடச் சிரித்தான். இந்த வேலைக்கான பொருள் செலவு, ஒரு துண்டு உப்புத்தாள்.

சோப்புத் தண்ணீர் சொன்ன ரகசியம்

வண்டி இப்போது அணையவில்லை. ஆனால் ஐடிலிங்கில் உடம்பு நடுங்கியது. "இன்னும் எங்கியோ காத்து திருடுது" என்ற மெக்கானிக், சலூனில் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து வந்தார். ஓடும் இன்ஜினில், கார்புரெட்டரின் அடிப் பகுதியிலும் ரப்பர் குழாய்களின் நுனியிலும் சின்னச் சின்னதாக அடித்தார். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் போகவில்லை, அங்கே நனைந்தால் வேறு தலைவலி. ஒரு வேக்குவம் குழாயின் முனையில் தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறியது. கழற்றி வளைத்துப் பார்த்தால் முனையில் விரிசல். அதன் வழியே அளவுக்கு மீறிய காற்று உள்ளே போனதும் பிளக்குகள் வெளுத்ததற்கு ஒரு காரணம்.

ரப்பர் வெடிக்க வயதுதான் முதல் காரணம். இன்னொன்றையும் மெக்கானிக்குகள் சொல்கிறார்கள்: பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2025-ல் நாடு முழுவதும் கலப்பு ஏறக்குறைய அந்த அளவை எட்டிவிட்டது. எத்தனால் பழைய காலத்து ரப்பரை ஊற வைக்கும். டேங்கில் படிந்த துருவையும் பிசினையும் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எத்தனால் எரிய எடைக்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே பெட்ரோலுக்கென்று அளவெடுத்துத் துளையிட்ட பழைய ஜெட்டில் கலவை மெலிந்து போகும். புது வண்டியில் சென்சார் இதைச் சரி செய்துகொள்ளும். பழைய வண்டிக்கு மனிதக் கைதான் சென்சார்.

பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது செம்மண் கரைசல் போலத் துரு கொட்டியது. புது ஃபில்டர், எத்தனாலைத் தாங்கும் இரண்டு அடி குழாய், நான்கு கிளிப், ஒரு வேக்குவம் குழாய், மூன்று பிளக். திருவள்ளூர் கடையிலேயே எல்லாம் கிடைத்தன. ஐடில் ஜெட்டைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தார். கம்பி விட்டுக் குத்தவே கூடாதாம். ஜெட் பித்தளை என்பதால் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கணக்கு தப்பிவிடும்.

"புதுப்பேட்டைக்குப் போய் பழைய கார்புரெட்டர் ஒண்ணு எடுத்துட்டு வரலாம்னு இருந்தேண்ணே" என்றார் வண்டிக்காரர்.

"அதுவும் முப்பது வருஷம் ஓடின சாமான்தான். உன் நோவை விட்டுட்டு இன்னொருத்தன் நோவை வாங்கிட்டு வந்திருப்பே!"

பத்தாயிரம் ரூபாய் கேள்வி

இவ்வளவு சிக்கனத்துக்குக் காரணம் இருக்கிறது. 15 வருடம் தாண்டிய காரின் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாயாக உயர்ந்தது. இவர் வண்டிக்கும் தவணை நெருங்குகிறது. வீட்டில் இரண்டு கட்சி. மனைவி, "வித்துடுங்க, ஸ்கூல் ஃபீஸுக்காவது ஆவும்" என்கிறார். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. மாலையில் வண்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டுப் போகிறார்.

கடைசியாகப் புகைப் பரிசோதனை. 2000 மார்ச்சுக்கு முன் தயாரான பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மெக்கானிக் மிக்ஸ்சர் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, இன்ஜின் சத்தம் ஒரே சீராக வந்த இடத்தில் நிறுத்தியிருந்தார். மெஷினும் அதை ஒப்புக்கொண்டது. கூலியும் சாமானும் சேர்த்து ரெண்டாயிரத்துக்குள் முடிந்தது. மீதியில் இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டார்கள்.

"டேங்க்கைக் கழட்டிக் கழுவணும், அது அடுத்த மாசம். அடித்தகடு துரு பிடிச்சு ஓட்டை விழுந்தாலோ, கம்ப்ரஷன் போனாலோ, நானே சொல்றேன், வித்துடு. அதுவரைக்கும் அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

மறுநாள் அமாவாசை. வீரராகவர் கோயில் குளமான ஹிருத்தாபநாசினியில் வெல்லத்தைக் கரைத்தால் வெல்லம் கரைவது போல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. கூட்டத்தால் தேரடி வரை வாகன நெரிசல். 800 நின்று, நகர்ந்து, மறுபடி நின்றது. ஒருமுறைகூட அணையவில்லை.

குளத்துப் படியிலிருந்து திரும்பிய அம்மாவிடம், "மூட்டு வலிக்கு வேண்டிக்கிட்டியாம்மா?" என்றார் மகன்.

"வேண்டிக்கிட்டேன். வண்டிக்கும் சேர்த்துதான் ரெண்டு கட்டி வெல்லம் கரைச்சேன்" என்றபடி அம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு...

* ஸ்டார்ட் ஆகவில்லை என்று கார்புரெட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிச் செல்ஃப் அடிக்கக் கூடாது. தீ பின்னோக்கிச் சீறும்.
* மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.
* ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.
* வாரம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டுங்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்றால் டேங்கில் ஈரம் சேரும்.
* பெட்ரோல் குழாய்களை வருடம் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். ஊதியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள்.