ஆட்டோ மோடில் கார் ஓட்டும் தாத்தா

1/
வழக்கமா சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால்னு எழுதற ஆள் நான். இன்னைக்கு வீடியோ கேம் பத்தி ஒரு நீளமான த்ரெட். கார் ரேஸ் கேம்கள்ல வண்டியைத் தானா ஓட விடற மோடு ஒண்ணு இருக்கும். "வண்டி தானா ஓடினா அதுல என்ன விளையாட்டு இருக்கு?"ன்னு கேலி பண்ணின ஆள் நான். எனக்குப் பதில் சொன்னது 71 வயசு அப்பா. வீட்ல பெரியவங்க இருக்கறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

2/
நான் நெய்வேலிக்காரன். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவன். ஊரைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்: ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரான ரோடு, ரெண்டு பக்கமும் மரம், பிளாக் பிளாக்கா வீடுங்க. ஒரு இடத்துக்குப் போக நாலு வழி இருக்கும், நாலும் சரியான வழிதான். சைக்கிளும் வண்டியும் பயமில்லாம கத்துக்க அதைவிட நல்ல ஊர் இல்லை.

3/
கேம்ல நான் முதல்ல ஓட்டினது, 90ஸ் கிட்ஸ் எல்லாரையும் போல, ரோடு ரேஷ் பைக். பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடுவோம். கீபோர்டுல அம்புக்குறி அழியற அளவுக்கு அழுத்துவோம். நம்ம கையால ஓட்டினாத்தான் ஓட்டறது. இதுதான் எங்க செட்டோட சட்டம்.

4/
அப்பாவுக்கு இரண்டாம் அனல்மின் நிலையத்துல வேலை. 210 மெகாவாட் யூனிட்டோட கன்ட்ரோல் ரூம்ல ஷிஃப்ட் டூட்டி. ஃப்ரெண்டோட அப்பா சுரங்கத்துல பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்ல இருந்தார். பெரிய சக்கரத்துல வாளி வாளியா மாட்டி மண்ணை வெட்டிக்கிட்டே போற ராட்சத மெஷின். அவனுக்குப் பள்ளிக்கூடத்துல அதுல ஒரு கெத்து. "நைட் ஷிஃப்ட்ல நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"ன்னு நான் கேட்டா, "மீட்டரைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்டா"ம்பார். எனக்கு ஒரே ஏமாற்றமா இருக்கும்.

5/
ரிட்டயர்ட் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு இந்திரா நகர்ல சொந்த வீட்டுக்கு வந்துட்டார். சில வருஷத்துல கை நடுக்கம் ஆரம்பிச்சுது. காபி டம்ளரைத் தூக்கினா தளும்பும். கையெழுத்து கோணும். கையைச் சும்மா மடியில வெச்சிருந்தா ஒண்ணும் தெரியாது.

6/
இங்க ஒரு நிமிஷம் டாக்டரா பேசிக்கறேன். கை நடுங்கினாலே பார்க்கின்சன்னு பயந்துடாதீங்க. பார்க்கின்சன்ல நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்வா இருக்கும்போது தெரியும். அப்பாவுக்கு இருக்கறது எசென்ஷியல் ட்ரெமர். கையால ஏதாவது செய்யப் போனாத்தான் நடுக்கம் வரும். சில குடும்பங்கள்ல பரம்பரையா வரும். தைராய்டு அதிகமா சுரந்தாலும், சில ஆஸ்துமா மருந்துகளாலும்கூட கை நடுங்கலாம். அதனால பரிசோதனை முக்கியம். இதுக்குக் கொடுக்கற புரோப்ரனலால் மாத்திரை ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு வாங்கிப் போடாதீங்க.

7/
மாத்திரையில நடுக்கம் குறைஞ்சுது, ஆனா போகலை. ஒருநாள் ஸ்கூட்டர்ல போகும்போது மாடு குறுக்க வந்துது. பிரேக் பிடிக்கறதுக்குள்ள விழுந்துட்டார். மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுது. நான் ஊர்ல இருந்து வந்து, கட்டு போட்டதைப் பார்த்துட்டு, திரும்பிப் போகும்போது ஸ்கூட்டர் சாவியை என் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். அப்பா பார்த்தார். ஒரு வார்த்தை பேசலை.

8/
அந்த முடிவு மருத்துவ ரீதியா சரி. இன்னைக்கும் அதையேதான் செய்வேன். ஆனா அடுத்த மாசங்கள்ல நடந்தது எந்த எக்ஸ்ரேவுலயும் வராது. காலையில பேப்பர் வாங்கப் போறது நின்னுது. பழைய ஷிஃப்ட் நண்பர்களைப் பார்க்கப் போறது நின்னுது. "ஆட்டோ வெச்சுக்கோங்கப்பா, நான் காசு அனுப்பறேன்"னேன். "எங்க போறதுக்கு?"ன்னார். நாள் முழுக்க டிவி முன்னாடி. ரிமோட்டும் அம்மா கையில.

9/
கோடை லீவுக்கு என் பையனைக் கொண்டு போய் விட்டேன். அவன் டேப்லெட்ல அஸ்பால்ட் 9 ஆடுவான். 2018 ஜூலைல உலகம் முழுக்க வெளிவந்த கார் ரேஸ் கேம், 2024ல அஸ்பால்ட் லெஜண்ட்ஸ் யுனைட்னு பேர் மாத்தினாங்க. "தாத்தா, நீங்க ஒரு ரேஸ் ஓட்டுங்க"ன்னு கையில கொடுத்திருக்கான். டேப்லெட்டைச் சாய்ச்சு ஸ்டியரிங் திருப்பற செட்டிங். நடுங்கற கையில அது என்ன ஆகும்? வண்டி இந்தச் சுவர்ல இடிச்சு, அந்தச் சுவர்ல இடிச்சு, கடைசி இடம். தாத்தா சிரிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார்.

10/
பையன் விடலை. செட்டிங்ல போய் டச் டிரைவ்னு இருக்கறதைப் போட்டுக் கொடுத்தான். அதுல ஸ்டியரிங்கும் ஆக்ஸிலரேட்டரும் வண்டியே பார்த்துக்கும். வழி பிரியற இடத்துல எந்தப் பக்கம்னு விரலால தள்ளிக் காட்டணும். நைட்ரோ எப்போ, டிரிஃப்ட் எப்போன்னு ஒரு தட்டு தட்டணும். அவ்வளவுதான்.

11/
இதுல ஒரு கூத்து. டிரிஃப்ட் பட்டனை வேகமா ரெண்டு தடவை தட்டினா வண்டி ஒரு முழுச் சுத்து சுத்தும், பக்கத்துல வர்ற வண்டியைத் தூக்கி வீசும். அப்பா ஒரு தடவை தட்டினா நடுக்கத்துல அது ரெண்டாயிடும். வளைவுக்கு வளைவு வண்டி பம்பரம் மாதிரி சுத்தி, பின்னாடி வந்தவன் எல்லாம் பறந்திருக்கான். பையன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்கான். அப்பா ரெண்டாவது இடம். அம்மா போன்ல சொன்னாங்க: "ராத்திரி பத்தரை ஆகுது, உங்கப்பா இன்னும் கார் ஓட்டிக்கிட்டு இருக்கார்."

12/
பத்து நாள் கழிச்சு நான் போனப்போ வீட்ல பஞ்சாயத்து. "தாத்தா டச் டிரைவ்ல ஆடறாரு, அது சீட்டிங்"னு பையன். ரோடு ரேஷ் காலத்து ஆளான நானும், "வண்டியே ஓட்டிக்குதுன்னா நீங்க எதுக்குப்பா?"ன்னு கேட்டுட்டேன். சும்மா வேடிக்கைக்குத்தான் கேட்டேன். அப்பா டேப்லெட்டை வெச்சுட்டு நிமிர்ந்து பார்த்தார்.

13/
"டேய், நான் முப்பது வருஷம் என்ன வேலை பார்த்தேன்னு நெனைக்கறே? பாய்லர் டிரம்ல தண்ணி மட்டம் ஏறினா தண்ணி டர்பைனுக்குள்ள போயிடும். இறங்கினா ட்யூப் கருகிடும். அதை ஒரு மனுஷன் கையால வால்வைத் திருகித் திருகி எட்டு மணி நேரம் பிடிச்சு வைக்க முடியுமா? தண்ணி மட்டம், உள்ள போற தண்ணி, வெளிய போற நீராவி மூணையும் பார்த்து கன்ட்ரோலரே சரி பண்ணிக்கும். ஆட்டோல போட்டுடுவோம். ஆட்டோல போட்டா தூங்கலாம்னு அர்த்தம் இல்லை. ஆட்டோவைப் பார்த்துக்கிட்டு இருக்கறதுதான் வேலை. எப்போ மேனுவலுக்கு எடுக்கணும்னு தெரிஞ்சவன்தான் ஆபரேட்டர்."

14/
நாப்பது வயசுக்கு மேல எனக்கு அன்னைக்குத்தான் அப்பா பார்த்த வேலை புரிஞ்சுது. "மீட்டரைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்"னு அவர் சொன்னதை சும்மா உட்கார்ந்திருக்கறதுன்னு நெனைச்சிருக்கேன். ஓட்டறதுல ரெண்டு பாகம் இருக்கு. ஒண்ணு கை, இன்னொண்ணு முடிவு. கை போன மனுஷனுக்கு முடிவு இன்னும் முழுசா இருந்துது. அந்த மோடு அதை மட்டும் அவர்கிட்ட கேட்டுது.

15/
அதுக்கப்புறம் கொஞ்சம் தேடிப் படிச்சேன். இது சோம்பேறிகளுக்காக இப்போ கண்டுபிடிச்சது இல்லை. 2004 டிசம்பர்ல ஜப்பான்ல வந்த கிரான் டூரிஸ்மோ 4லயே பி-ஸ்பெக்னு ஒரு மோடு. வண்டியைக் கம்ப்யூட்டர் டிரைவர் ஓட்டுவான், நீங்க டீம் மேனேஜர் மாதிரி. வேகமா போ, நிதானமா போ, முந்து, பிட்டுக்கு வான்னு உத்தரவு மட்டும் போடணும். அந்த கேம்ல 24 மணி நேர ரேஸ்கூட உண்டு. 2010ல வந்த அடுத்த பதிப்புல டிரைவர்களுக்குக் குணமும் இருக்கும். ரொம்ப விரட்டினா பதறித் தப்பு பண்ணுவான். நம்ம ஹாஸ்பிடல்ல புதுசா வந்த ஹவுஸ் சர்ஜன் மாதிரியே.

16/
2017ல வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ல வண்டி ரோட்டை விட்டு விழாம தடுக்கற ஒரு உதவி. நாலு வயசுக் குழந்தையும் அக்காகூடச் சேர்ந்து ஆடலாம். ஆனா அதைப் போட்டா சில குறுக்கு வழிகள்ல போக விடாது. பாதுகாப்புக்கு அது ஒரு விலை. 2023 ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்ல பார்வையில்லாதவங்க சத்தத்தை வெச்சே ஓட்டற வசதி வந்துடுச்சு. "சீட்டிங்"னு சொல்றதுக்கு முன்னாடி, அந்தப் பட்டன் யாருக்கு அவசியம்னு ஒரு தடவை யோசிக்கலாம்.

17/
இன்னொரு ரகமும் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும். கன்ட்ரோலர் பட்டன்ல ரப்பர் பேண்டைச் சுத்தி வெச்சுட்டுத் தூங்கப் போயிடுவாங்க. வண்டி ராத்திரி பூரா சுத்தி கேம் காசு சேர்த்து வெச்சிருக்கும். அதுல கையும் இல்லை, முடிவும் இல்லை. அப்பா அதைக் கேட்டுட்டு, "ஷிஃப்ட்ல தூங்கறவன்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்.

18/
எனக்கும் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கு. இப்போ நைட் டூட்டி முடிஞ்ச காலையில நானே டச் டிரைவ்ல ரெண்டு ரேஸ் ஓட்டறேன். ராத்திரி பூரா ஒவ்வொரு டோஸையும் ரெண்டு தடவை சரிபார்த்த மூளைக்கு, தப்பினாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாத சின்னச் சின்ன முடிவுகள் ஒரு ஓய்வு. இடதா, வலதா, இப்போவா, அப்புறமா. அவ்வளவு போதும்.

19/
இப்போ முக்கியமான எச்சரிக்கை. அப்பா ஒருநாள் மெதுவா கேட்டார்: "இந்த மாதிரி தானா ஓடற கார் வந்துட்டா நான் ஓட்டலாம்ல?" எனக்குத் தொண்டை அடைச்சுது. ஆனாலும் "இப்போ விக்கற கார்கள்ல முடியாதுப்பா"ன்னுதான் சொன்னேன்.

20/
காரணம் இது. 1948லயே நார்மன் மேக்வொர்த் சோதனை பண்ணிக் காட்டினார்: கடிகார முள் மாதிரி ஒண்ணை வெறுமனே பார்த்துக்கிட்டே இருக்கச் சொன்னா, அரை மணி நேரத்துலயே ஆட்கள் மாற்றத்தைத் தவற விட ஆரம்பிக்கறாங்க. 1983ல லிசேன் பெயின்பிரிட்ஜ் எழுதினது: வேலையை எந்த அளவுக்கு மெஷினுக்குக் கொடுக்கறோமோ, மிச்சமிருக்கற மனுஷனோட வேலை அந்த அளவுக்குக் கஷ்டமாகும். ஏன்னா மெஷின் கைவிடற அந்த மோசமான நொடியிலதான் அவனைக் கூப்பிடுவாங்க. பழக்கமும் விட்டுப் போயிருக்கும். கன்ட்ரோல் ரூம்ல ஷிஃப்ட் உண்டு, பக்கத்துல ஆள் உண்டு, அலாரம் உண்டு. ரோட்ல மாடு குறுக்க வந்தா ஒரு நொடிதான். கேம்ல சுவர்ல மோதினா சில நொடியில வண்டி புதுசா வந்து நிக்கும். மணிக்கட்டு அப்படி வராது. கேம்ல ஜெயிச்சதை வெச்சு யாருக்கும் சாவியைத் திருப்பிக் கொடுக்காதீங்க.

21/
ஆனா என் தப்பு வேற இடத்துல இருந்துது. சாவியை எடுத்தப்போ நான் அவர் கையிலிருந்த வேலையை மட்டும் எடுக்கலை. எப்போ கிளம்பணும், எங்க போகணும், எந்த வழியாப் போகணும்ங்கற எல்லா முடிவையும் சேர்த்து எடுத்துட்டேன். ஒரு கேமுக்குத் தெரிஞ்ச பிரிவினை ஒரு டாக்டருக்குத் தெரியலை.

22/
இப்போ மாசம் ரெண்டு தடவை ஊருக்குப் போறேன். காரை நான் ஓட்டறேன். எங்க போறோம்னு நான் கேக்கறதில்லை. அப்பா பக்கத்துல உட்கார்ந்து, "ஆர்ச் கேட் வழியா உள்ள போ", "அடுத்த லெஃப்ட்", "மெதுவா, இந்த வீட்லதான் நாம இருந்தோம்"னு சொல்லிக்கிட்டே வருவார். சில நாள் சுத்து வழியாப் போகச் சொல்வார். வாயைத் திறக்காம திருப்புவேன். பையன் பின் சீட்ல இருந்து, "தாத்தா, அப்பாவை டச் டிரைவ்ல போட்டுட்டீங்க"ன்னான் ஒருநாள். அப்பா சிரிச்சு ரொம்ப நாள் ஆச்சு, அன்னைக்குச் சிரிச்சார்.

23/
வீட்ல பெரியவங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்:
- நடுக்கம், பார்வை, மறதி எதுவா இருந்தாலும் முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. வண்டி ஓட்டலாமா கூடாதான்னு நேராவே கேளுங்க.
- ஓட்டக் கூடாதுன்னா, கூடாதுதான். அதுல இரக்கம் பார்க்காதீங்க.
- கை வேலையை நீங்க எடுத்துக்கும்போது முடிவை அவங்ககிட்டயே விடுங்க. காய்கறியை நீங்க தூக்கிட்டு வாங்க, எதை வாங்கறதுன்னு அவங்க சொல்லட்டும். ஃபாரத்தை நீங்க எழுதுங்க, பணம் எதுல போடறதுன்னு அவங்க சொல்லட்டும்.
- பேரப்பிள்ளைங்க கேம் சொல்லிக் கொடுத்தா தடுக்காதீங்க. தூக்கம் கெடாம நேரத்தை மட்டும் பார்த்துக்கோங்க.

24/
இதை எழுதி முடிக்கறப்போ அம்மாகிட்ட இருந்து போன். அப்பா நேத்து முதலிடம் வந்தாராம். "டிரிஃப்ட்டை ஒரே ஒரு தட்டுல முடிச்சிட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லு"ன்னாராம். மாத்திரை வேலை செய்யுதா, பயிற்சி வேலை செய்யுதான்னு அடுத்த தடவை போறப்போ கையைப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்.

உங்க வீட்டுத் தாத்தா பாட்டி என்ன கேம் ஆடறாங்கன்னு கீழ சொல்லுங்க.