செவிடபாடி மலையில் ஒலியும் உருவமும்

பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், தமிழக எல்லையில் அமைந்த தொழில் நகரம் ஓசூர். 'புதிய ஊர்' என்பது இக்கன்னடப் பெயரின் பொருள். லாரியும் இருசக்கர வாகனமும் கைக்கடிகாரமும் உருவாகும் இந்நகரில், குன்றின்மேல் அருள்மிகு மரகதாம்பாள் உடனுறை சந்திரசூடேஸ்வரர் கோயில் கொண்டுள்ளார்.

ஊரின் பழம்பெயர் செவிடபாடி. இறைவன் உடும்பு வடிவில் இம்மலைக்கு வந்தபோது அதைப் பிடிக்க முயன்ற முனிவர்கள், அம்பிகையின் சாபத்தால் பேச்சும் செவித்திறனும் இழந்து, பின்னர் இறையருளால் அவற்றை மீண்டும் பெற்றனர் என்பது தலபுராணம்.

ஓசூரின் தொழிற்கூடங்களில் இரும்பை நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவுகளில் கடைகின்றனர். சிற்ப நூலார் இவ்வேறுபாட்டை முன்பே வகுத்துள்ளனர். எப்பக்கமும் திரண்ட முழு உருவம் சித்திரம். சுவரிலிருந்து பாதி புடைத்து நிற்பது அர்த்தசித்திரம். வரைந்த ஓவியம் சித்திராபாசம், அதாவது உருவம்போன்ற தோற்றம். ஓவியத்தை நின்ற இடத்திலிருந்தே காணலாம். திரண்ட உருவத்தையோ சுற்றி வந்தே அறிய இயலும். பிராகாரத்தை வலம் வரும் அடியவர், கோயிலின் கனத்தைத் தம் கால்களாலேயே அளக்கிறார்.

ஒலிக்கும் இடம் உண்டு. இடப்புறம் ஒலிக்கும் மணி இடச்செவியை முதலில் எட்டுகிறது. வலச்செவியை அது அடைய ஆகும் தாமதம், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அச்சிறு வேறுபாட்டைக் கொண்டே மனம் திசையை அறிகிறது. மேலா கீழா என்பதை உணர்த்தச் செவிமடலின் மடிப்புகள் துணைபுரிகின்றன. ஆகவேதான் கண்மூடி நிற்பவருக்கும் மணி முன்னே, நாகஸ்வரம் பின்னே எனப் புலப்படுகிறது. ஒலிபெருக்கி முழங்கும்போது எல்லா ஒலியும் ஒரே கூம்பிலிருந்து வருவதால் இவ்வுணர்வு மறைந்துவிடுகிறது.

முதியோர் இதில் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஒரு செவி மட்டும் மந்தமானால் சொல் கேட்கும், திசை தெரியாது. பின்னால் வரும் வண்டி எப்பக்கம் என்பது விளங்காது. ஒரு கண்ணைப் புரை மறைத்தால், அடுத்த படி எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பது மயங்கும். மலைப்படியில் இறங்கும்போது இவ்விரண்டும் ஆபத்தானவை. 'இன்னொன்று நன்றாகத்தானே இருக்கிறது' என்று மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப்போடுதல் தகாது. துணையொருவர் கைபற்றி இறங்குவதில் குறைவும் இல்லை.

முனிவர்களுக்குச் செவித்திறனை மீட்டளித்த இறைவன் திருமுன், ஒலிபெருக்கி ஓய்ந்த நேரத்தில் சற்றுக் கண்மூடி நின்று மணியோசையைக் கேட்டல் வேண்டும். அவ்வோசையிலேயே சந்நிதியின் ஆழம் தெரியும்.

மாசி, பங்குனி மாதங்களையொட்டி மலையடிவாரத்துத் தேர்பேட்டையில் தேர்த்திருவிழா நடைபெறுகிறது. படியேற இயலாதோருக்கு மலைமேல் செல்ல வாகனப் பாதையும் உண்டு.